கயிறு மறுபக்கம் போகிறது

கொட்டாஞ்சேனையில் நான் வளர்ந்த ஒழுங்கைக்கு முகத்துவாரத்தில் இருந்து மீன் கொண்டுவரும் முதியவர் ஒருவர் இருந்தார். கரைக்கு வந்த பிறகும் கடலைப் பற்றியே பேசுவார். ஒருநாள் அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "மேல ஓடுற தண்ணிய மட்டும் பாத்துக் கயிறு விடக்கூடாது தம்பி. படகு ஒரு பக்கம் போகும், அடியில கயிறு மறுபக்கம் போகும். கடல் ரெண்டு மாடி வீடு." ஏன் அப்படி என்று கேட்டேன். "கயித்தக் கையில பிடிச்சுப் பாரு, தெரியும்" என்றார். அதற்கு மேல் விளக்கம் வரவில்லை.

இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். மாலையில் தண்டவாளத்தைக் கடந்து கற்களில் போய் உட்கார்ந்தால், சோளகம் வீசும் மாதங்களில் அலை வந்து முகத்தில் தெறிக்கும். வாடைக் காலத்தில் அதே கடல் குளம்போலக் கிடக்கும். கொழும்பில் வற்றுப் பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே இந்நகரத்தில் வாழ்கிறவனுக்குக் கடல் என்றால் அலை. அலை என்றால் காற்று. காற்றடித்தால் கொந்தளிக்கும், ஓய்ந்தால் அடங்கும் என்பதோடு நம் கடலறிவு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்த முதியவரின் கீழ்மாடியைப் பற்றி நாம் நினைப்பதேயில்லை.

2017இல் ‘ஓஷன் சயன்ஸ்’ என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. அரச்சாபோர்ன் அனுதலியா என்ற ஆய்வாளர் முதற்பெயராக, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் பலரும் நம் நாட்டின் பிரியந்த ஜினதாசவும் சேர்ந்து எழுதியது. ஜினதாச அப்போது காக்கைதீவில் உள்ள தேசிய நீரியல் வள ஆராய்ச்சி, அபிவிருத்தி முகவரகத்தோடு, எல்லோரும் ‘நாரா’ என்று சொல்லும் அந்த நிறுவனத்தோடு பணியாற்றியவர். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உருவான நிறுவனம் அது. கொட்டாஞ்சேனையில் இருந்து முகத்துவாரம், மட்டக்குளி என்று வடக்கே போனால், களனி கங்கை கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் முதியவர் படகு இறக்கிய கரைக்கு அடுத்த கரை.

கட்டுரை சொல்லும் விடயம் இது. இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால், வட அகலக்கோடு எட்டுப் பாகையை ஒட்டி, மேற்பரப்பு நீரோட்டத்துக்கு நேர் எதிராக ஓடும் அடிநீரோட்டம் ஒன்று இருக்கிறது. மேலிருந்து 100 முதல் 200 மீற்றர் இறங்கியதும் அது தொடங்குகிறது. வசந்தத்திலும் கோடையிலும் மிகத் தெளிவாகத் தெரிகிறது. வசந்தத்தில், அதாவது நம் பங்குனி சித்திரையை ஒட்டி, அது தெற்கே ஓடுகிறது. கோடையில், தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், வடக்கே திரும்பிவிடுகிறது. மேலே உள்ள 200 மீற்றர் நீரில் ஓடும் நீரோட்டம் 1 முதல் 6 ஸ்வேட்ரப் வரை கொண்டுபோக, 200 மீற்றருக்கும் 1000 மீற்றருக்கும் இடைப்பட்ட இந்தக் கீழ்மாடி ஓட்டம் 10 ஸ்வேட்ரப்புக்கும் மேல் கொண்டுபோகக்கூடியது.

ஸ்வேட்ரப் என்பது கடலாய்வாளர்களின் அளவை. ஒரு செக்கனுக்குப் பத்து இலட்சம் கன மீற்றர் நீர் கடந்தால் அது ஒரு ஸ்வேட்ரப். அமேசன் ஆறு கடலில் கொட்டுவது இதில் ஐந்தில் ஒரு பங்கு. உலகத்தில் உள்ள அத்தனை ஆறுகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒன்றேகால் ஸ்வேட்ரப் அளவுக்குத்தான் வரும். அப்படியானால் மட்டக்களப்பு மாவட்டத்துக்குக் கிழக்கே, வெளிச்சம் எட்டாத ஆழத்தில், உலகத்து ஆறுகள் எல்லாவற்றையும்போல் எட்டு மடங்கு நீர் ஒரு பருவத்தில் தெற்கே போகிறது. அடுத்த பருவத்தில் வடக்கே வருகிறது. இதைப் பெருங்காட்டாறாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஓட்டம் நூறு கிலோமீற்றர் அகலம், எண்ணூறு மீற்றர் தடிப்பு என்று வைத்துக் கணக்குப் போட்டால், 10 ஸ்வேட்ரப் நீரைக் கொண்டுபோக அதற்குச் செக்கனுக்கு 12.5 சென்ரிமீற்றர் வேகம் போதும். மணிக்கு அரைக் கிலோமீற்றர்கூட இல்லை. தேர் இழுக்கும் வேகம். தேரின் பருமன்தான் இங்கே காரியம் செய்கிறது.

இடத்தையும் சொல்லிவிட வேண்டும். எட்டாம் பாகைக் கோடு கிழக்கே கல்குடாவுக்குச் சற்று வடக்கால் கரையைத் தொடுகிறது. இலங்கையைச் சுற்றியுள்ள கண்டமேடை ஒடுக்கமானது. பொதுவாக இருபது கிலோமீற்றர் அளவுதான். அதன் விளிம்பைத் தாண்டியதும் கடல் அடி செங்குத்தாக இறங்கி மூவாயிரம் மீற்றருக்கும் கீழே போகிறது. மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் ஐம்பது மீற்றர்ச் சொச்ச ஆழத்தில் கிடக்கிறதே, அது இன்னும் மேடையிலே கிடக்கிறது. அதற்கும் அப்பால் சரிவு. அந்தச் சரிவைத் தோளால் உரசிக்கொண்டு போகிற ஓட்டம்தான் இது.

இவ்வளவு பெரிய ஒன்றை அறிய 2017 வரை ஏன் சென்றது? இந்தக் கடலில் மனிதர் போகாத காலம் இல்லையே. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமர் பிளினி நம் தீவைப் பற்றி எழுதினார். தீவுக்கும் இந்தியாவுக்கும் இடையே கடல் ஆழமற்றது, ஆனால் சில கால்வாய்களில் நங்கூரமே தரைதட்டாது என்றார். இங்குள்ள மாலுமிகள் நட்சத்திரங்களைப் பார்ப்பதில்லை, பறவைகளைக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டு அவை போகும் திசையில் கரை தேடுகிறார்கள், ஆண்டில் நான்கு மாதமே கடலோடுகிறார்கள் என்றும் குறித்தார். நங்கூரம் எட்டாத ஆழம் என்று எழுதினாரே, அந்த இடத்தில் நம் கடலின் கீழ்மாடி முதன்முதலாகப் புத்தகம் ஏறுகிறது. எட்டவில்லை என்ற செய்தியோடு அது முடிந்தும்விடுகிறது.

பிறகு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடலறிவு என்பது காற்றறிவு. அரபு மாலுமிகள் ‘மவுசிம்’ என்று பெயர் வைத்த பருவத்தை நம்பித்தான் கொள்வதும் கொடுப்பதும் நடந்தன. 1025இல் இராசேந்திர சோழனின் கலங்கள் ஸ்ரீவிஜயத்துக்குப் போனதும் அந்த நம்பிக்கையில்தான். 1686இல் எட்மண்ட் ஹாலி பருவக்காற்றுகளை வரைபடமாக்கினார். நம் கரைகளிலும் சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுக்குப் பெயர்கள் நிறைந்து கிடக்கின்றன. கப்பலை நகர்த்துவது காற்றும் மேல்நீருமே. எனவே அரசர்களும் வணிகர்களும் காசு கொடுத்து அறிந்துகொண்டது அவ்விரண்டையும்தான்.

கொழும்பின் கதையும் அதுவே. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலின் தொடக்கத்தைப் பற்றிய மரபுக்கதையைக் கொட்டாஞ்சேனையில் கேட்காத பிள்ளை இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்தது. கடல் கரையைத் தின்கிறது, தடுத்துத் தாருங்கள் என்று மீனவர் ஒளிந்திருந்த குருவானவரிடம் கேட்டார்களாம். அவர் கரையில் சிலுவையை நட்டுச் செபித்தார், மூன்றாம் நாள் கடல் பின்வாங்கி மணற்றிட்டு எழுந்தது என்பார்கள். அந்தக் கதையை நான் எப்போதும் மதிப்போடு நினைக்கிறேன். கரையோரத்தில் மணல் எப்படி அள்ளப்பட்டு எப்படித் திரும்பி வருகிறது என்று கவலைப்பட்ட மனிதரின் நினைவு அதில் இருக்கிறது. பின்னர் ஆங்கிலேயர் வந்தார்கள். 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் 1885இல் முடிந்தது. காலித் துறைமுகத்திடம் இருந்த கப்பல் போக்குவரத்து கொழும்புக்கு மாறியது. அந்தச் சுவர் எழுந்தது சோளகத்து அலையைத் தடுக்கத்தான். கவனமெல்லாம் மேலேதான்.

கீழ்மாடியின் கதை வேறு கரைகளில் தொடங்குகிறது. அங்கும் ஒரு கயிறு வருகிறது. 1679இல், லூயிஜி மார்சிலி என்ற இருபத்தொரு வயது இத்தாலிய இளைஞர் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குப் போனார். பொஸ்பரஸ் நீரிணையில் மேல்நீர் கருங்கடலில் இருந்து மர்மராக் கடலுக்கு ஓடுகிறது. ஆனால் அடியில் அதற்கு எதிராக ஓட்டம் உண்டு என்று அங்கிருந்த மீனவர் பேசிக்கொள்வதைக் கேட்டார். கேட்டதோடு விடவில்லை. ஈயக் குண்டு கட்டிய கயிற்றில் வெள்ளை பூசிய தக்கைகளை இடைவெளி விட்டுக் கட்டி நீரில் இறக்கினார். மேலே உள்ள தக்கைகள் ஒரு பக்கம் சாய்ந்தன. ஆழத்தில் உள்ளவை மறுபக்கம் சாய்ந்தன. பிறகு ஒரு தொட்டியை நடுவே தடுத்து, ஒரு புறம் உப்பு நீரும் மறுபுறம் உப்புக் குறைந்த நீரும் ஊற்றித் தடுப்பின் மேலும் கீழும் வழி திறந்தார். கனத்த நீர் அடியால் போக, இலேசான நீர் மேலால் வந்தது. 1681இல் அதை நூலாக வெளியிட்டார். கடலடி ஓட்டத்தைப் பற்றிய அறிவியல் மீனவர் பேச்சில் பிறந்தது என்று சொல்ல எனக்கு இந்த ஒரு சான்று போதும். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது.

1951இல் பசிபிக்கின் மத்தியகோட்டில் அமெரிக்க மீன்வளத் துறையினர் சூரை மீனுக்காக நீளத் தூண்டில் கயிறுகளை ஆழத்தில் விட்டார்கள். மேற்பரப்பு நீர் மேற்கே போய்க்கொண்டிருக்க, கயிறுகள் கிழக்கே இழுபட்டன. டவுன்செண்ட் குரொம்வெல் என்ற கடலாய்வாளர் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு கருவிகளோடு போய் அளந்து, பசிபிக்கின் குறுக்கே ஓடும் மத்தியகோட்டு அடிநீரோட்டத்தைக் கண்டறிந்தார். 1958இல் மெக்சிக்கோவில் விமான விபத்தில் இளவயதிலேயே இறந்துபோனார். அந்த ஓட்டத்துக்கு இன்று அவர் பெயரும் உண்டு. நம் கடலில் அதன் உறவுக்காரனை 1960களின் தொடக்கத்தில், சர்வதேச இந்து சமுத்திர ஆய்வுப் பயணத்தின்போது, ஜோன் நோஸும் புரூஸ் டாஃப்ட்டும் அளந்தார்கள். பசிபிக்கில் கிட்டத்தட்ட எப்போதும் ஓடுவது இங்கே வடகீழ்ப் பருவத்தின் கடைசியில் எழுந்து, பிறகு அடங்கிப்போகிறது. பருவக்காற்று ஆளும் கடலில் ஆழமும் பருவத்துக்குக் கட்டுப்படுகிறது என்பதற்கு அது முதல் அடையாளம்.

கட்டுப்படுகிறது என்றேன். அப்படியானால் எதிர்த்திசையில் ஏன் ஓடுகிறது என்று கேட்பீர்கள். முதியவரிடம் நான் கேட்ட கேள்வியும் அதுதான்.

கடல்மட்டம் தட்டையானது அல்ல. வெதுவெதுப்பான இலேசான நீர் குவிந்த பக்கம் சில சென்ரிமீற்றர் உயர்ந்து நிற்கும். உயரத்தில் உள்ள நீர் பள்ளத்துக்கு ஓடப் பார்க்கும். சுழலும் பூமி, நம் வட கோளத்தில், அதை வலப்புறமாகத் திருப்பும். திரும்பித் திரும்பிக் கடைசியில் அது மேட்டை வலக்கையில் வைத்துக்கொண்டு, ஏறாமலும் இறங்காமலும் மேட்டின் விளிம்போடு ஓடும். இது மேல்மாடி. இனிக் கீழே இறங்குவோம். மேடாக நிற்கும் பக்கத்தில் இலேசான நீர் தடிப்பாகவும், கனத்த குளிர்நீர் ஆழத்துக்குத் தள்ளப்பட்டும் இருக்கும். மற்றப் பக்கத்தில் குளிர்நீர் மேலே ஏறி நிற்கும். ஆகவே இறங்க இறங்க, மேட்டுப் பக்கம் உயரத்தால் பெற்ற அழுத்தத்தை இலேசான நீரால் இழந்துகொண்டே வரும். ஓர் ஆழத்தில் இரண்டு பக்கமும் சரிசமம். அங்கே ஓட்டம் இல்லை. இன்னும் கீழே போனால் தராசு மறுபக்கம் சாயும். ஓட்டமும் மறுபக்கம் திரும்பும். எட்டாம் பாகையில் அந்தச் சமநிலை 100 முதல் 200 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது.

தராசு இவ்வளவு சாய்வது உள்ளூர்க் காற்றால் மட்டும் அல்ல. மத்தியகோட்டில் எங்கோ அடித்த காற்றின் தள்ளுதல், கடலுக்குள் நெடிய அலையாகக் கிழக்கே ஓடி, சுமாத்திராவில் முட்டி, பர்மாக் கரையைச் சுற்றி, வங்காள விரிகுடாவின் விளிம்போடு நம் பக்கம் வருகிறது. விரிகுடாவின் நடுவில் இருந்தும் மேற்கு நோக்கி மெதுவாக ஊரும் அலைகள் நம் சரிவில் வந்து சேர்கின்றன. இந்த வகை அலையின் இயல்பு வியப்பானது. கோவாவில் உள்ள இந்தியத் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் இந்தியாவின் இரு கரைச் சரிவுகளிலும், கிழக்கே நம் அயலான கடலூர் உட்பட, ஆயிரம் மீற்றர் ஆழக் கோட்டில் கருவிகளை நங்கூரமிட்டு ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். பருவத்தின் திசைமாற்றம் கீழிருந்து மேலாக ஏறி வருவதை அந்த அளவுகளில் கண்டார்கள். மேலே நின்று பார்ப்பவனுக்குப் புதிதாகத் தெரியும் திருப்பம், அடியில் ஏற்கெனவே நடந்துவிட்டது.

அந்தக் கருவிகளின் வேலையை வெள்ளவத்தைக்காரருக்கு விளக்குவது எளிது. கரையோரத் தண்டவாளத்தில் றெயில் ஊதிக்கொண்டு வரும்போது சுருதி ஏறிக் கேட்கும், கடந்து போனதும் சுருதி இறங்கும். கருவி நீருக்குள் ஒலியை அனுப்புகிறது. நீரோடு போகும் நுண்ணிய துகள்களில் பட்டு வரும் எதிரொலியின் சுருதி ஏறியதா இறங்கியதா என்று பார்த்து, ஒவ்வோர் ஆழத்திலும் நீர் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறது என்று எழுதிவைக்கிறது. மார்சிலியின் தக்கைகள் செய்த அதே வேலை. ஆனால் ஒரு நாளுக்குப் பதிலாக ஆண்டு முழுவதும்.

நம் கடலிலும் அப்படி நடந்திருக்கிறது. 1991, 1992இல் ஜேர்மனியின் கீல் நகரத்து ஆய்வாளர் ஃபிரீட்ரிக் ஷொட்டும் கூட்டாளிகளும் தேவேந்திரமுனைக்குத் தெற்கே நங்கூரமிட்ட கருவிகளால் பருவக்காற்று நீரோட்டத்தை அளந்தார்கள். வாடைக் காலத்தில் மேற்கேயும் சோளகத்தில் கிழக்கேயும் 10 ஸ்வேட்ரப்பை ஒட்டிய அளவில் நீர் நம் தீவின் தென்முனையைச் சுற்றுகிறது என்று நமக்குத் தெரிந்தது அதனால்தான். அந்த ஆண்டுகளில் கிழக்கில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1990 ஆனியில் மீண்டும் மூண்ட போர் திருகோணமலையையும் மட்டக்களப்பையும் எரித்துக்கொண்டிருந்தது. கிழக்குக் கடலில் மீன்பிடிக்கவே கட்டுப்பாடு. தெற்குச் சரிவில் கருவி நின்றது. கிழக்குச் சரிவில் கடற்படைப் படகுகள் நின்றன.

இன்னொரு நினைவும் வந்து குறுக்கே நிற்கிறது. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் கொழும்பில் இருந்து தமிழர்களைக் கப்பல்களில் ஏற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். எங்கள் ஒழுங்கையில் இருந்தும் சில குடும்பங்கள் போயின. மன்னார்த் திட்டுகளைத் தாண்ட முடியாததால், அவ்வளவு பெரிய கப்பல் தீவைத் தெற்கால் சுற்றிக் கிழக்குக் கரை வழியாகத்தான் வடக்கே போக முடியும். கோடை அது. அந்தச் சனங்களின் காலடியில் மேல்நீர் தெற்கே ஓடிக்கொண்டிருந்திருக்கும். அதற்கும் கீழே ஒரு பேராறு அவர்கள் போன திசையிலேயே, வடக்கே, போய்க்கொண்டிருந்திருக்கும். இதற்கு ஓர் உட்பொருள் தேட நான் விரும்பவில்லை. ஆனால் அந்தக் கட்டுரையில் ‘கோடையில் வடக்கே’ என்று வாசித்த இடத்தில் என்னால் சற்று நேரம் மேலே வாசிக்க முடியவில்லை.

போர்க் காலத்திலும் ஒன்று நடந்தது. 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆர்கோ திட்டத்தின் மிதவைகள் உலகக் கடல்களில் ஆயிரக்கணக்கில் விடப்பட்டன. ஆளுயரக் குழாய் ஒன்று. ஆயிரம் மீற்றர் ஆழத்தில் மிதந்து திரிந்து, பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டாயிரம் மீற்றர் வரை இறங்கி, மேலேறும் வழியெல்லாம் சூட்டையும் உப்பையும் அளந்து, செய்மதிக்குச் சொல்லிவிட்டு மறுபடி இறங்கிவிடும். கடவுச்சீட்டும் தடை வலயமும் அதற்கு இல்லை. 2009க்குப் பிறகு கடல் திறந்தது. 2013 மார்கழியில் அமெரிக்காவின் ‘ரோஜர் ரெவெல்’ ஆய்வுக் கப்பல் வங்காள விரிகுடாவின் தென்பகுதிக்கு வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் கடல்சறுக்கிகளை விட்டார்கள். சுழலி இல்லாத, சிறகு வைத்த கருவி அது. தன் மிதப்பை மாற்றி மாற்றி, பட்டம்போல் சறுக்கி ஆயிரம் மீற்றர் இறங்கும், சறுக்கியே ஏறும். கப்பல்களின் அளவுகள், மிதவைகள், சறுக்கிகள், இரண்டு கணினி மாதிரிகள். இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துத்தான் எட்டாம் பாகையின் அடிநீரோட்டத்தை உய்த்தறிந்தார்கள். உய்த்தறிந்தோம் என்றே கட்டுரையாளர்களும் எழுதினார்கள்.

அவர்களுடைய நேர்மை இன்னும் ஓரிடத்தில் என்னைக் கவர்ந்தது. வங்காள விரிகுடா உப்புக் குறைந்த கடல். கங்கையும் பிரமபுத்திராவும் ஐராவதியும் மழையும் அதில் நன்னீரைக் கொட்டுகின்றன. அரபிக் கடலோ ஆவியாகி ஆவியாகி உப்பேறியது. இரண்டுக்கும் நடுவில் நாம் இருக்கிறோம். பாக்குநீரிணை ஆழமற்றது. ஆகையால் கொடுக்கல் வாங்கல் நம் தீவைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். விரிகுடா ஆண்டாண்டாக நன்னீராகிப் போய்விடாமல் இருக்க, இழந்த உப்பு எவ்வழியாலோ திரும்பி வர வேண்டும். கிழக்குச் சரிவில் கோடையில் வடக்கே போகும் இப்பெரிய ஓட்டம்தான் அந்த வழியோ என்று எவரும் ஆசைப்படுவார்கள். கோடையில் அது கொஞ்சம் உப்பான நீரைத்தான் கொண்டுபோகிறது. வசந்தத்தில் கொஞ்சம் உப்புக் குறைந்த நீரைத் தெற்கே கொண்டுவருகிறது. ஆனால் அளந்து பார்த்தபோது அந்த வித்தியாசம் உப்பு அளவையில் 0.09க்கும் குறைவு. விரிகுடாவின் உப்புக் குறையில் 4 வீதத்துக்கும் குறைவாகவே இந்த ஓட்டத்தால் ஈடாகிறது. இவ்வளவு நீரைச் சுமக்கும் ஆறு, தேடிய உப்பைச் சுமக்கவில்லை. தங்கள் கண்டுபிடிப்பின் பெருமையைத் தாங்களே குறைக்கும் இந்த எண்ணைக் கட்டுரையின் சுருக்கத்திலேயே முன்வைத்தார்கள்.

உப்பைச் சுமக்காவிட்டால் அதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். விரிகுடாவின் நடு ஆழங்களில் ஒட்சிசன் மிகக் குறைவு. சூரை போன்ற பெருமீன்கள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை அந்தக் குறையே பெரிதும் தீர்மானிக்கிறது. இந்த அடிநீரோட்டம் ஓடுவது அந்த ஆழங்களில்தான். 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பல் தீப்பிடித்தபோது, சுமார் 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலில் கொட்டின. வெள்ளை மணிகள் கரையெல்லாம் குவிந்து கிடந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். மிதந்தது எங்கே போகும் என்பதைக் காற்றையும் மேல்நீரையும் வைத்துக் கணிக்க முடிந்தது. எரிந்து, உருகி, கனத்து, மூழ்கியது எங்கே போகும் என்பது கீழ்மாடியின் கேள்வி. அப்படியொரு விபத்துக் கிழக்குச் சரிவின் மேல் நடந்தால், கையில் அளவு வைத்திருப்பவரே அதற்குப் பதில் சொல்ல முடியும்.

அளவு யார் கையில் இருக்கிறது? இதையும் மறைக்காமல் பேச வேண்டும். விரிகுடாவில் அந்த அமெரிக்க ஆய்வுகளுக்குப் பணம் பெருமளவு அவர்களுடைய கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்தில் இருந்து வந்தது. நீர்மூழ்கியைத் தேடும் ஒலி, நீரின் சூட்டையும் உப்பையும் பொறுத்து வளைகிறது. ஆகவே சூட்டையும் உப்பையும் அறிய விரும்பாத கடற்படை இல்லை. 2022 ஆகஸ்டில் சீனாவின் ‘யுவான் வாங் 5’ அம்பாந்தோட்டைக்கு வந்தது. 2023 ஒக்ரோபரில் ‘ஷி யான் 6’ கொழும்புக்கு வந்தது. தில்லி கவலைப்பட்டது, வாஷிங்டன் கவலைப்பட்டது. 2024 தொடக்கத்தில் இருந்து ஓராண்டுக்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் எதுவும் வேண்டாம் என்று நம் அரசு கதவைச் சாத்தியது. அந்த நெருக்கடியில் அரசுக்கு வேறு வழி குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வருகிற கப்பலை விடுவதா மறிப்பதா என்பதை மட்டுமே நாம் விவாதிக்கிறோம். 1978 முதல் 1980 வரை நோர்வேயின் ‘ஃபிரிட்யோஃப் நான்சன்’ வந்து நம் மீன்வளத்தை அளந்தது. அடுத்து அந்தப் பெயருள்ள கப்பல் வந்தது 2018இல். நடுவே ஒரு தலைமுறை பிறந்து, போர் பார்த்து, வெளிநாடும் போய்விட்டது. விருந்தாளி வந்து அளந்து தந்தது நல்ல காரியம். வீட்டுக்காரன் அளக்காமல் இருந்ததை அது ஈடுசெய்யாது. திசை மாறும் ஓட்டத்தை ஒருமுறை வந்து அறிய முடியாது. வசந்தத்திலும் கோடையிலும், வாடையிலும் சோளகத்திலும், மழை பொய்த்த ஆண்டிலும் பெருகிய ஆண்டிலும் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். அப்படி நிற்பதற்கு நிரந்தரமாக இருக்கக்கூடியவர்கள் நாம் மட்டும்தான்.

இதற்குப் பெரிய கப்பற்படை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கல்குடாவுக்கு நேர் கிழக்கே, சரிவின் மேல், ஆயிரம் மீற்றர் ஆழக் கோட்டில் ஒரு நங்கூரக் கயிறு. அதில் சுருதி கேட்கும் கருவி ஒன்று. சூடும் உப்பும் அளக்கும் கருவிகள் சில. ஆண்டுக்கு ஒருமுறை மேலே எடுத்து, பற்றரி மாற்றி, அளவை இறக்கிக்கொண்டு, திரும்பவும் விட வேண்டும். கடலூருக்கு அப்பால் இந்தியர்கள் செய்வது இதைத்தான். காக்கைதீவில் நாரா இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் மட்டக்குளியிலேயே சமுத்திரப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கயிற்றின் நீளத்தைக் கணக்கிடத் தெரிந்தவர்கள் உண்டு. கிழக்கே, எட்டாம் பாகை கரை தொடும் இடத்துக்குக் கிட்ட, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பௌதிகவியலும் கணிதமும் படிக்கும் பிள்ளைகளில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

வாழைச்சேனைத் துறைமுகத்தில் இருந்து பல நாள் படகுகள் சூரைக்கு நீளத் தூண்டில் போட அந்தச் சரிவைத் தாண்டித்தான் போகின்றன. போகும் ஒவ்வொரு படகும் தன் கயிற்றை எங்கே விட்டது, எங்கே எடுத்தது என்று ஒரு கொப்பியில் குறித்தாலே, இந்தப் பருவத்தில் அடிநீர் எந்தப் பக்கம் இழுத்தது என்பதற்கு நூற்றுக்கணக்கான சாட்சிகள் கிடைக்கும். பசிபிக்கில் குரொம்வெல்லுக்கு ஆரம்பத்தில் கிடைத்தது அதைவிட அதிகம் இல்லை. கொப்பியின் முதல் பக்கத்தில் நான்கு நிரல்கள் போதும்: திகதி, கயிற்றின் ஆழம், படகு போன பக்கம், கயிறு போன பக்கம்.